தளபதியும் அவனைத் தாங்கியவர்களும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் இருந்துகொண்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பிரெஞ்சுத் தளபதியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. லசார் ஓஷ் இந்த மண்ணை மிதித்தவனல்லன். ஆயினும் வீரர் வரலாறு என்னும் இலக்கிய வகையை எடைபோட விரும்புவோருக்கு அவனைக் காட்டிலும் நல்ல உரைகல் கிடைப்பது அரிது. அந்த உரைகல்லிலே, எமது சுற்றாடலில் 1848ஆம் ஆண்டு எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியின் தளபதி வீர புரன் அப்புவின் கதையையும் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீரர் வரலாறுகளை நாம் வெறுப்பவர்களல்லர். அடிமைப்பட்ட நாடுகளின் இளைஞர்களைத் தலைநிமிரச் செய்ததில் அந்நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அத்தகைய நூலொன்றைப் படித்து முடித்ததும் வாசகன் ஒரு கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். இந்நூலில் பெயருடையவர்கள் எத்தனை பேர்? பெயரற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? தளபதி படை நடத்தினான், தளபதி ஆற்றைக் கடந்தான், தளபதி கோட்டையை மீட்டான் என்று எழுதிச் செல்லும் பேனா, அவனுடைய சேனைக்குச் சோறு விளைவித்தவனை எங்கே விட்டுச் சென்றது? இக்கேள்வியைக் கேளாத விமர்சனம் புத்தக விளம்பரமாகவே முடியும்.

முதலில் ஓஷின் வாழ்க்கையைப் பார்ப்போம். 1768இல் வெர்சேல்ஸ் நகரையடுத்த மொந்த்ரேயில், அரசனின் குதிரை லாயத்தில் ஊழியம் பார்த்த ஒருவரின் மகனாக அவன் பிறந்தான். காய்கனி விற்று வாழ்ந்த அத்தை அவனுக்குக் கைகொடுத்தாள். பதினாறாம் வயதில், 1784இல், பட்டாளத்தில் சேர்ந்தான். ஓய்வு நேரத்தில் சில்லறை வேலைகள் செய்து, கிடைத்த காசுக்குப் புத்தகம் வாங்கிப் படித்தான் என்று சரிதக்காரர்கள் கூறுவர். பழைய ஆட்சி நீடித்திருந்தால் அவனது கதை அவ்வளவோடு முடிந்திருக்கும். 1781ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று, நான்கு தலைமுறைப் பிரபு வம்சத்தை நிரூபிக்க இயலாதவன் நேரடியாக அதிகாரிப் பதவி பெறுவதைத் தடுத்திருந்தது. லாயக்காரனின் மகனுக்கு எந்த வம்சம் சாட்சி சொல்லும்?

1789இல் வெடித்த மக்கள் புரட்சிதான் அந்தக் கதவை உடைத்தது. கீழ்நிலைச் சிப்பாயாக இருந்த ஓஷ், 1793இன் இறுதிக்குள் மோசல் சேனையின் தளபதியாகிவிட்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்தைந்து. அவ்வாண்டு நவம்பரில் கைசர்ஸ்லவுட்டேர்னில் பிரஷ்யரிடம் தோற்றான். டிசம்பரில் மீண்டும் எழுந்து, முற்றுகைக்குள்ளாகியிருந்த லாண்டவ் கோட்டையை மீட்டான். 1794இல் அவனையே புரட்சி அரசாங்கம் சிறையிலிட்டது. ரொபஸ்பியரின் வீழ்ச்சிக்குப் பின் விடுதலையானான். பிறகு மேற்குப் பிரான்சில் எழுந்த கிளர்ச்சியை அடக்கினான். அயர்லாந்தை நோக்கிக் கப்பலேறினான். 1797 செப்டம்பரில், முப்பது வயது நிறையுமுன், ஜெர்மன் மண்ணில் நோயால் இறந்தான். பாரிஸில் அவனுக்கு அரசு மரியாதையுடன் பெரும் துக்கச் சடங்கு நடந்தது. வெர்சேல்ஸில் இன்றும் அவனுக்குச் சிலை நிற்கிறது.

வழக்கமான சரிதக்காரன் இங்கே பேனாவை மூடிவிடுகிறான். ஓர் ஏழை மகன் தன் அறிவாலும் துணிவாலும் உயர்ந்தான் என்பது அவன் கண்ட நீதி. நாம் அதை மறுக்கவில்லை; அது பாதி உண்மை. மறுபாதி எங்கேயிருக்கிறது? 1793 ஆகஸ்ட் 23இல் பிறந்த ஓர் ஆணையில் இருக்கிறது. இளைஞர் போர்முனைக்குச் செல்க, பெண்கள் கூடாரமும் உடையும் தைத்திடுக, சிறுவர் பழந்துணியைப் பிரித்துக் காயங்களுக்குப் பஞ்சு திரட்டுக, முதியோர் பொதுச் சதுக்கங்களில் நின்று ஊக்கமூட்டுக என்ற பொருளில் அமைந்த ஆணை அது. வெடிமருந்துக்கு வேண்டிய உப்பை வீட்டு நிலவறைச் சுவர்களில் சுரண்டியெடுத்தார்கள் பிரெஞ்சு மக்கள். அந்தக் கைகளெல்லாம் சேர்ந்து செய்த சேனையைத்தான் ஓஷ் நடத்தினான். அவனது திறமை அவனுடையது. அதற்குக் களம் கொடுத்தது மக்களுடைய புரட்சி. இந்த இரண்டையும் பிரித்து எழுதும் நூல், நாம் எவ்வளவு ரசித்தாலும், நம்மை ஏமாற்றும் நூலே.

அதைவிடப் பெரிய ஏமாற்று இன்னொன்று உண்டு. மேற்குப் பிரான்சில் ஓஷ் யாரை அடக்கினான்? வாண்டே, பிரித்தானி மாகாணங்களின் விவசாயிகளை. கட்டாயப் படைச்சேர்ப்பையும், தங்கள் பாதிரிமாருக்கு நேர்ந்த கதியையும் பொறுக்கமாட்டாமல் 1793இல் அவர்கள் எழுந்தார்கள். அவர்களுடைய குமுறலைப் பிரபுக்கள் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓஷுக்கு முன் வந்த படைகள் கிராமங்களை எரித்துச் சாம்பலாக்கின. ஓஷ் அவ்வளவு கொடியவனல்லன். வழிபாட்டுக்கு இடங்கொடுத்தான், கொள்ளையைத் தடுக்க முயன்றான். ஆனால் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் வரை கிராமத்தாரின் மாடுகளையும் தானியத்தையும் பறிமுதல் செய்து பிணையாக வைத்தவனும் அவனே. 1795 ஜூலையில் கிபெரோனில் சரணடைந்தவர்களில் 700க்கு மேற்பட்டோர் இராணுவ விசாரணைக் குழுக்களின் தீர்ப்பால் சுடப்பட்டனர். 1796இல் கிளர்ச்சித் தலைவர்களான ஸ்தோபிளேயும் ஷாரெத்தும் சுடப்பட்டனர். ஏழையின் மகன் ஏழைகளின் மாட்டைப் பிடித்துக் கட்டினான். அதே 1796இன் டிசம்பரில், அதே தளபதி, ஐரிஷ் விவசாயிகளை ஆங்கில ஆட்சியினின்று விடுவிக்க ஏறத்தாழ 15,000 வீரருடன் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டான். ஐரிஷ் தேசபக்தன் வுல்ப் டோன் அப்படையில் உடன் சென்றான். ஓஷ் ஏறிய போர்க்கப்பலின் பெயர் 'சகோதரத்துவம்'. மூடுபனியிலும் புயலிலும் அக்கப்பல் தன் கூட்டத்தைப் பிரிந்து அலைந்தது. பான்ட்ரி வளைகுடாவை அடைந்த ஏனைய கப்பல்கள் தளபதியின்றிக் காத்திருந்து, ஒருவனையும் கரையிறக்காமல் திரும்பின.

இந்த முரண்பாட்டை மூடிமறைக்காமல் எழுதினால்தான் ஓஷ் மனிதனாக நம்முன் நிற்பான். மூடிமறைத்தால் நமக்கு எஞ்சுவது வெர்சேல்ஸ் சிலை மட்டுமே.

இனி எமது மண்ணுக்கு வருவோம். ஓஷ் வாழ்ந்த காலத்துப் போர்கள்தாம் இலங்கையின் தலைவிதியையும் மாற்றின. 1795இல் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. அதனைச் சாட்டாகக் கொண்டு ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் இலங்கைப் பிரதேசங்களைப் பிடிக்க முனைந்தனர். 1796 பெப்ரவரியில் கொழும்பு அவர்கள் கைக்கு வந்தது. 1815இல் கண்டி இராச்சியமும் வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதெனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? அந்நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. 1847இல் கோப்பி விலை சரிந்தது. அரசாங்கத்தின் வருமானமும் சரிந்தது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு அந்தச் சுமையை மக்கள் தலையில் இறக்கினார். துப்பாக்கிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், நாய்க்கு 1 ஷில்லிங், கடைகளுக்கு அனுமதிக் கட்டணம். இவற்றோடு ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை, அல்லது அதற்கு ஈடாக 3 ஷில்லிங்.

துப்பாக்கியும் நாயும் நகரத்துக் கனவானுக்கு வேட்டைப் பொழுதுபோக்காக இருக்கலாம். காட்டோரத்து விவசாயிக்கு அவை வேலி. பன்றியும் யானையும் இறங்கும் சேனையில் இரவு முழுவதும் கண்விழிப்பவனுக்கு அவை இன்றி விளைச்சல் இல்லை. பிரித்தானி விவசாயி துப்பாக்கியை ஒப்படைக்காததற்காக மாட்டை இழந்தான். மாத்தளை விவசாயி துப்பாக்கியை வைத்திருப்பதற்காக வரி கொடுக்க வேண்டியவனானான். ஆட்சிகள் வேறு, கொடிகள் வேறு; கிராமத்தானின் கையை அளந்து பார்க்கும் கண் ஒன்றே.

1848 பெப்ரவரியில் பாரிஸ் மக்கள் தங்கள் அரசனைத் துரத்தினார்கள். அந்தச் செய்தி இந்தத் தீவுக்கும் எட்டியது. ஜூலை மாதம் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையில் டாக்டர் கிறிஸ்டோபர் எலியட் எழுதிய கடிதமொன்று, பிரான்சின் உதாரணத்தைச் சுட்டிப் புதிய வரிகளைக் கண்டித்தது. அதன் சிங்கள மொழிபெயர்ப்பும் மக்களிடையே பரவியது. ஆக, ஓஷை உருவாக்கிய பிரெஞ்சுப் புரட்சியின் நெடிய எதிரொலி ஒன்று, அரை நூற்றாண்டு கடந்து, எமது மலைநாட்டில் கேட்டது. அதே வேளையில், ஜூன் மாதத்துப் பாரிஸில், குடியரசின் தளபதியான கவஞ்ஞாக் என்பவன் வேலை கேட்டு எழுந்த தொழிலாளரைப் பீரங்கியால் அடக்கிக்கொண்டிருந்தான் என்பதையும் மறந்துவிடலாகாது. தளபதிகளைப் பற்றி எழுதுவோர் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதப் பழக வேண்டும்.

புரன் அப்பு யார்? 1812இல் மொறட்டுவையில் பிறந்த பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, இரத்தினபுரியிலும் ஊவாவிலும் அலைந்து திரிந்தவன். 1847இலேயே அவனைப் பிடித்துக் கொடுப்போருக்கு அரசாங்கம் வெகுமதி அறிவித்திருந்தது. 1848 ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டபோது, புரன் அப்பு அவனுடைய வாளேந்தியானான். 28ஆம் தேதி கிளர்ச்சிக்காரர் மாத்தளையில் புகுந்து கச்சேரியைத் தாக்கி, வரி ஏடுகளை அழித்தனர். கிளர்ச்சிக்காரன் முதலில் கைவைத்தது பொற்காசில் அல்ல, தன் பெயருக்கு எதிரே கடன் எழுதியிருந்த காகிதத்தில் என்பதை இலக்கியம் கவனிக்க வேண்டும். மறுநாளே வாரியப்பொலத் தோட்டத்தருகே துருப்புகளின் வெடிமுன் அந்தக் கூட்டம் சிதறியது. கண்டியில் இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் 8இல் போகம்பரையில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அவனைப்போல் ஆறு பேர் தலைமை தாங்க இருந்திருந்தால் கண்டிப் பிரதேசத்தில் ஒரு வெள்ளையனும் உயிரோடிருந்திருக்க மாட்டான் என்ற கருத்தில் அவன் இறுதியாகப் பேசினானென்று டொரிங்டன் பிரபுவே எழுதிவைத்தார். ஆகஸ்ட் 26இல் குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் உயிரிழந்தவர் 18 பேர். பண்டா எல்கடுவையில் ஒளிந்திருந்து பிடிபட்டு, கசையடிக்குப் பின் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கேயே 1849இல் இறந்தான். அரசாங்கத் துருப்பில் ஒருவனும் சாகவில்லை.

இக்கணக்கைப் படிக்கும்போது ஓஷின் வாழ்வு மீண்டும் நினைவுக்கு வருகிறது. இருவரும் எளிய குடியிலிருந்து எழுந்தவர்கள். இருவருக்கும் துணிவு இருந்தது. ஒருவன் தோற்று ஒரு மாதத்தில் வென்றான். மற்றவனுக்குத் தோல்விக்குப் பின் பத்து நாளே வாழ்வு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நெஞ்சுரமா? ஓஷின் பின்னே பழைய ஆட்சியை உடைத்து, அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட ஒரு தேசம் நின்றது. புரன் அப்புவின் பின்னே வரிக்கு அஞ்சிய கிராமங்கள் நின்றன. கண்டிப் பிரதானிகளிற் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றனர். துப்பாக்கி செய்யும் பட்டறையும் இல்லை, நிலத்தைப் பங்கிடும் சட்டமும் இல்லை. பழைய முடியை எடுத்து ஒரு புதிய தலையில் வைப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. அது அவர்களது குற்றமன்று. ஆனால் அதைச் சொல்லாமல், ஒரு வீரன் சாவைச் சிரித்து ஏற்றான் என்று மட்டும் எழுதுவது தோல்வியிலிருந்து கற்க வேண்டியதைத் திருடிக்கொள்வதாகும்.

புரன் அப்புவைப் பற்றிய எழுத்து இதுவரை இரண்டு வழியில் சென்றிருக்கிறது. ஆள்வோரின் கோப்பு அவனைக் கொள்ளைக்காரன் என்றது. டொரிங்டன் காலத்துக் கடிதங்களைத் தொகுத்து 1965இல் வெளியிட்ட பேராசிரியர் கே. எம். டி சில்வா, நூல் தலைப்பிலேயே 'கிளர்ச்சி' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைத்தார். ஆட்சியாளர் காட்டிய அளவு பெரிய கிளர்ச்சிதானா அது என்ற ஆராய்ச்சியாளரின் ஐயத்தை நாம் மதிக்கிறோம். அடக்குமுறையின் மிகையை அம்பலப்படுத்த அது உதவியது. எனினும் தன் சேனைக்குக் காவலாக வைத்திருந்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்கு நடந்தவனின் கோபத்தை எந்த மேற்கோள் குறிக்குள்ளும் அடைக்க இயலாது. மற்றொரு வழி, தேசிய வீரனைப் போற்றும் வழி. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1978இல் இயக்கிய 'வீர புரன் அப்பு' என்ற சிங்களத் திரைப்படம் அவ்வழியில் பெரும்புகழ் பெற்றது. போற்றுதல் தேவைதான். ஆனால் போற்றுதல் மெல்ல மெல்ல அவனை ஓர் இனத்தின் தனிச்சொத்தாக்கிவிடும் அபாயத்தையும் விமர்சகன் சுட்டிக்காட்ட வேண்டும். புரன் அப்பு கண்டியானே அல்லன், கரையோரத்து மொறட்டுவைக்காரன். முடிசூடிய பண்டாவும் தாழ்நிலத்திலிருந்து வந்தவனே. அந்நியர் என்று தம்மைத் தள்ளாத கிராமங்களில்தான் அவர்கள் தலைவர்களானார்கள்.

இவ்விடத்தில் எமது சொந்தக் கேள்வியைக் கேட்கிறோம். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் அந்த வழியில், அதே ஆண்டுகளில் வேறொரு கூட்டமும் நடந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் பிடுங்கியெறியப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடாக, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. வரிகளைக் கண்டித்த அதே கொழும்பு ஒப்சேவர், 1841 முதல் இறந்துபோன இத்தொழிலாளர் தொகை 70,000 வரை இருக்குமென்று 1849இல் மதிப்பிட்டது. இம்மதிப்பில் பாதி உண்மையாயினும், வாரியப்பொலவில் விழுந்தோரைப் போல எத்தனை மடங்கு! அவர்களுக்குத் தளபதி இல்லை; ஆகவே சரிதமும் இல்லை. பல்லேபொல அந்த இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இருக்கிறது. இங்கிருந்து எழுதுகின்ற நாம் அந்தப் பாதையை மறந்துவிட்டு ஒரு வரியும் எழுத உரிமையற்றவர்கள்.

சிலர் மறுக்கக்கூடும். அந்தக் கூலிகள் வெள்ளைத் துரையின் கோப்பியை வளர்க்க வந்தவர்களல்லவா? விவசாயி இழந்த காட்டில் கோடரி போட்டவர்கள் அவர்களல்லவா? உண்மை, இதை மறைக்க நாம் விரும்பவில்லை. தன் காடு வெட்டப்படுவதைக் கண்ட விவசாயிக்குக் கண்ணில் பட்டது கோடரி பிடித்த கறுத்த கைதான். இலண்டனில் பங்கு வாங்கியவன் கண்ணில் படவில்லை. ஏழையைக் கொண்டு ஏழையைத் தள்ளுவது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். லாயக்காரனின் மகனைப் பிரித்தானி விவசாயிமீது ஏவியதைப் பார்த்தோமல்லவா? அந்தத் தந்திரத்தைத் தோலுரிப்பது இலக்கியத்தின் கடமை. அதைச் செய்யத் தவறியதன் விளைவு என்ன? மாத்தளைக் கிளர்ச்சிக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்து இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அந்த அநீதி படிப்படியாகத் தீர்ந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை வர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1848இன் வீரத்தைக் கொண்டாடியவர்கள், அதே பாதையில் நடந்து வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகளை அந்நியர் என்று எப்படிச் சொன்னார்கள்? அவர்கள் படித்த வரலாற்றில் அந்தப் பேரப்பிள்ளைகளின் பாட்டன் இல்லை. அதனால் சொல்ல முடிந்தது.

எமது பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்வோம். தமிழ் எழுத்தாளரில் எத்தனை பேர் புரன் அப்புவைத் தம்மவனாக நினைத்து எழுதினார்கள்? துப்பாக்கி வரிக்கெதிராக எழுந்த சிங்கள விவசாயியின் கதை தமிழ் வாசகனுக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது? வாண்டே விவசாயியையும் ஐரிஷ் விவசாயியையும் தெரிந்துகொள்ள ஆவல்படும் நாம், அடுத்த வயலில் ஏர் பிடிப்பவனின் பாட்டனைத் தெரிந்துகொள்ளவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

நாம் வேண்டுவது தளபதிகளை அழிக்கும் இலக்கியமல்ல. ஓஷ் இருக்கட்டும், அவனோடு கூடாரம் தைத்த பெண்ணும், மாட்டை இழந்த பிரித்தானி விவசாயியும் இருக்கட்டும். புரன் அப்பு இருக்கட்டும். அவனோடு வரி ஏட்டை எரித்த பெயரற்றவனும், நாலந்தைக் காட்டில் தாகத்தால் விழுந்த பெயரற்றவனும் ஒரே நூலில் இருக்கட்டும். அந்நூல் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். பல்லேபொலப் பள்ளிப் பிள்ளைகள் இரு மொழியிலும் அதைப் படிக்கும் நாளில், 'சகோதரத்துவம்' என்ற அந்தக் கப்பல் பனிமூட்டத்தைத் தாண்டி ஒரு கரையையேனும் அடைந்ததாகக் கொள்ளலாம். அதை எழுதும் பொறுப்பு இளம் எழுத்தாளர்களுடையது. வாசகர் பங்கும் சிறிதன்று: அடுத்த முறை ஒரு வீரனின் சரிதத்தை விரிக்கும்போது, அவனைச் சுமந்தவர்கள் எங்கே என்று கேளுங்கள்.